வேலை போன பின்: உடல், மனம், அடுத்த வேலை
பழனி மலைப்பகுதியில் வாழும் நோயாளர்களுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்குமான விளக்கம்

வேலையிழந்தவர் மருத்துவமனைக்கு வரும்போது வேலையிழப்பைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. தூக்கம் வரவில்லை, பசி இல்லை, தலை பாரமாக இருக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, சிறு சொல்லுக்கும் கோபம் வருகிறது என்றே சொல்கிறார். உடன் வந்தவர், "வேலை போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறார்" என்று சேர்த்துச் சொல்வார். அந்த ஒரு வாக்கியம் நோயறிதலுக்குப் பெரிதும் உதவும். ஆனால் அதுவே சில வேளைகளில் வழிதவறவும் செய்துவிடும். எல்லாவற்றையும் கவலையின் மேல் போட்டுவிட்டால், உடலில் உண்மையாகவே இருக்கும் நோய் கவனிக்கப்படாமல் போகும். உடல் நோயை மட்டும் தேடினால், மனம் படும் பாடு கண்ணில் படாது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டிய தேவையைக் கொடைக்கானல் நகரின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கொடைக்கானலில் நடந்தது

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுன் நகரில் இயங்கி வந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்த இந்த ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்நிறுவனம் இன்று இந்துஸ்தான் யூனிலீவர் எனப்படுகிறது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானிகள் இங்கு செய்யப்பட்டு, பெரும்பாலும் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. சுற்றுலாப் பருவம் முடிந்தால் கூலி கிடைக்காத ஊரில், மாதம் தவறாமல் சம்பளம் தரும் வேலை என்பது சிறிய செய்தியன்று.

2001 மார்ச் மாதத்தில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தனர். அதே மாதத்தில் ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவுகளின் ஒரு பெரும் பகுதி கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலையில் வேலை செய்தவர்களுக்கோ இரண்டு சுமைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. மாதச் சம்பளம் நின்றது. அத்துடன், தாங்கள் நாள்தோறும் கையாண்ட பொருள் உடலுக்குள் என்ன செய்திருக்கும் என்ற அச்சமும் தொடங்கியது.

பாதரசத்தால் தங்கள் உடல்நலம் கெட்டதெனத் தொழிலாளர்கள் கூறினர். 2006இல் அவர்களுடைய சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. 2016 மார்ச் மாதத்தில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. முன்னாள் தொழிலாளர்கள், சங்க உறுப்பினர்கள் ஆகிய 591 பேருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும், வாழ்வாதார மேம்பாட்டுக்காகவும் திறன் மேம்பாட்டுக்காகவும் கருணைத்தொகை வழங்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஆலை மூடியதற்கும் இந்த உடன்பாட்டுக்கும் இடையே 15 ஆண்டுகள் உள்ளன. ஆலை மூடியபோது 30 வயதாக இருந்தவர் 45 வயதில் அந்த உதவியைப் பெற்றார். மூடும்போது பள்ளியில் சேர்ந்த பிள்ளை அதற்குள் கல்லூரியையும் முடித்திருக்கும். நியாயம் கேட்பது ஒருவரின் உரிமை; அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் மருத்துவம் பார்ப்பதையும் அடுத்த வேலை தேடுவதையும் வழக்கின் முடிவு வரும் வரை தள்ளிப்போட இயலாது என்பதை இந்த 15 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது.

கவலையா, நோயா?

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். அந்த ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை. மூச்சுவழி உள்ளே செல்லும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து அது மூளையையும் சிறுநீரகத்தையும் சென்றடைகிறது. நீண்ட நாள் இவ்வாறு உட்சென்றால் கைவிரல் நடுக்கம், கையெழுத்து மாறுதல், ஈறு வீக்கம், மிகுதியாக எச்சில் ஊறுதல், நினைவுக் குறைவு, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். சிறுநீரில் புரதம் வெளியேறலாம். இவற்றைவிட எளிதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது மனப்போக்கில் வரும் மாற்றமே. எரிச்சல், காரணமற்ற கூச்சம், பிறரைக் கண்டால் ஒதுங்குதல், தன்னம்பிக்கை இழத்தல் ஆகியவை பாதரச நச்சின் அறிகுறிகளாக மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளன. ஐரோப்பாவில் விலங்கு மயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்திய தொப்பித் தொழிலாளர்களிடம் இவை முன்பே காணப்பட்டன.

இப்போது அதே பட்டியலை வேலையிழந்த ஒருவரின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறக்கமின்மை, எரிச்சல், ஒதுங்குதல், தன்னம்பிக்கைக் குறைவு, மறதி என ஏறக்குறைய எல்லாமே மனச்சோர்விலும் வருபவை. அறிகுறிகளை மட்டும் கேட்டு இரண்டையும் பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். ஒருவருக்கு இரண்டுமே இருக்கவும் கூடும். எனவே மருத்துவரைச் சந்திக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது உங்கள் தொழில் வரலாறு. எந்த ஆலையில், எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள், எந்தப் பொருளைக் கையாண்டீர்கள், வேலை உடையுடன் வீட்டுக்கு வந்தீர்களா ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே கூறுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதியளவு ஏறத்தாழ 2 மாதங்களில் வெளியேறிவிடுகிறது. ஆகவே வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து எடுக்கப்படும் சிறுநீர்ப் பரிசோதனையில் பாதரச அளவு இயல்பாகவே இருக்கலாம். அந்த முடிவு, இப்போது உடலில் பாதரசம் மிகுதியாக இல்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. முன்பு பாதிப்பு நேர்ந்ததா என்பதற்கு அது விடையாகாது. நடுக்கம், நினைவாற்றல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்துதான் மருத்துவர் ஒரு முடிவுக்கு வருவார். பாதரசத்தை வெளியேற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளை மருத்துவரின் அறிவுரையின்றி வாங்கி உண்பது, ஏற்கெனவே நலிந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும். உடல்வலிக்குக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் வலி மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பாதரசத்தோடு பழகாதவர்களுக்கும் இந்தக் கவனம் தேவை. உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு தோட்டங்களில் பூச்சிமருந்து தெளித்தவர், விடுதிகளில் வண்ணம் பூசியவர், மின்கலப் பட்டறையில் ஈயத்தைக் கையாண்டவர் ஆகியோரும் தம் தொழில் வரலாற்றைச் சொல்ல வேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவையும் சோர்வாகவும் மனத்தளர்வாகவும் வெளிப்படும். எளிய இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனையைச் செய்யாமலேயே ஒருவரை "சோம்பேறி" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவது வருந்தத்தக்கது.

சம்பளத்தோடு சேர்ந்து போவன

வேலையிழப்பு மனத்தை ஏன் இவ்வளவு ஆழமாகத் தாக்குகிறது? பணத்தட்டுப்பாடு ஒரு காரணம். அது மட்டுமே காரணமன்று என்பதைக் காட்டிய பழைய ஆய்வொன்று இன்றும் படிக்கத்தக்கது. ஆஸ்திரிய நாட்டில் மாரியன்தால் என்னும் சிற்றூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. ஆலை மூடப்பட்டு, ஊரில் பெரும்பாலோர் வேலையிழந்தனர். 1931, 1932 ஆண்டுகளில் மரி யாகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹன்ஸ் ஸைசல் ஆகியோர் அடங்கிய குழு அவ்வூர் மக்களின் அன்றாட வாழ்க்கையை நுணுகிக் கவனித்தது. படிக்க நேரம் ஏராளமாகக் கிடைத்தும், நூலகத்தில் மக்கள் எடுத்துச் செல்லும் நூல்களின் எண்ணிக்கை முன்பிருந்ததில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகத்தையும் ஆய்வாளர்கள் அளந்தனர். அவர்கள் மெதுவாக நடந்தனர், இடையிடையே நின்றனர், போக வேண்டிய இடம் எதுவும் இல்லாதவர்களாகத் தெரிந்தனர். பெண்கள் அவர்களைவிட விரைந்து நடந்தனர். பெண்களுக்குக் கூலி மட்டுமே நின்றிருந்தது, வீட்டுவேலை நிற்கவில்லை.

வேலை ஒருவருக்குச் சம்பளத்தோடு ஐந்து பொருள்களையும் சேர்த்தே தருகிறது என்று யாகோடா பின்னாளில் விளக்கினார். நாளுக்கு ஒரு ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களோடு பழக்கம், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, ஊரில் ஓர் அடையாளம், உடலையும் மனத்தையும் இயங்க வைக்கும் கட்டாயம் ஆகியவையே அவை. ஆலைச் சங்கு நின்றால் ஐந்தும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று திருமண வீட்டில் ஒருவர் கேட்கும் கேள்விக்கு அஞ்சியே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுவோர் உண்டு.

இந்தப் பட்டியலால் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. சம்பளத்தை உடனே மீட்க முடியாமற் போகலாம். மற்ற ஐந்தையும் அடுத்த வேலை கிடைக்கும் முன்பே சிறிது சிறிதாக மீட்கத் தொடங்கலாம். வழக்கமான நேரத்தில் எழுந்து குளித்து உடை மாற்றிக்கொள்வது வெறும் சடங்கன்று. கொடைக்கானலின் குளிரிலும் மூடுபனியிலும் போர்வைக்குள்ளேயே பகல் பத்து மணிவரை கிடந்துவிடுவது எளிது. காலையில் ஒரு மணி நேரம் வெளியில் நடப்பது, வாரத்தில் இரு நாள் பழைய உடன்பணியாளர்களைச் சந்திப்பது, பள்ளி மேலாண்மைக் குழு, சுய உதவிக் குழு, கோயில் அல்லது தேவாலயப் பணி, நாற்றுப் பண்ணை வேலை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் பொறுப்பேற்பது போன்ற சிறு செயல்கள் மனச்சோர்வு ஆழமாவதைத் தடுக்க உதவுகின்றன. வேலையிழந்தோர் சங்கமாகக் கூடுவதிலும் இந்தப் பயன் உண்டு. கோரிக்கை வெல்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை கூடும் கூட்டம் தனிமையைக் குறைக்கிறது.

பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை

வேலையிழந்த முதல் சில வாரங்களில் வருத்தம், கோபம், உறக்கக் குறைவு ஆகியவை இயல்பே. இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் தளர்ந்திருந்தாலோ, முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இல்லாமற் போனாலோ, அதிகாலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு வந்து பின்னர் உறக்கம் வராவிட்டாலோ, மருத்துவரை நாட வேண்டும். குடிப்பழக்கம் புதிதாகத் தொடங்கினாலும், முன்பிருந்ததைவிடக் கூடினாலும் அவ்வாறே. மது உறக்கத்தைத் தருவதுபோல் தோன்றி இரவின் பிற்பகுதி உறக்கத்தைக் கெடுக்கிறது, மனச்சோர்வையும் கூட்டுகிறது.

"நான் உங்களுக்குப் பாரம்", "நான் இல்லாவிட்டால் கடனாவது தீரும்" என்பன போன்ற சொற்களைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. பலருக்கு அக்கேள்வி, மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிடும் வழியைத் திறக்கிறது. ஆம் என்ற விடை வந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மலைத்தோட்டக் குடும்பங்களுக்கு இங்கே தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. பூச்சிமருந்துப் புட்டிகளும் எலிமருந்தும் வீட்டுப் பரணிலோ சமையலறை மூலையிலோ கிடக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. உயிர்மாய்ப்பு எண்ணம் பெரும்பாலும் சில நிமிடங்களோ சில மணி நேரமோ உச்சத்தில் இருந்து, பின்னர் தணியக்கூடியது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாத தொலைவில் இருந்தால் உயிர் பிழைக்கும். மருந்துகளைப் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருங்கள். இயன்றால் வீட்டிலேயே வைக்க வேண்டாம். யாரேனும் நஞ்சு உட்கொண்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், 108 ஊர்தியை அழைத்து, புட்டியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். மலைப்பாதையில் செல்லும் நேரம் கூடுதல் என்பதால் அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

பேசும் முறையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. "பக்கத்து வீட்டுத் தம்பி திருப்பூர் போய்ச் சம்பாதிக்கிறானே" என்ற ஒப்பீடு யாரையும் எழுந்து நடக்க வைத்ததில்லை. "இன்று மூன்று மணிக்கு நாம் இருவரும் மருத்துவமனைக்குப் போய் வருவோம்" என்ற தெளிவான அழைப்பு பெரும்பாலும் ஏற்கப்படும். குடும்பத் தலைவரின் வேலை போனதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் எதுவோ சரியில்லை என்பதை அவர்கள் முன்பே உணர்ந்திருப்பார்கள். காரணம் தெரியாதபோது தம்மேலேயே பழி போட்டுக்கொள்வார்கள். செலவைக் குறைக்க வேண்டியுள்ளது, ஆனால் பள்ளிப்படிப்பு தொடரும் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

பராமரிப்பவர் பெரும்பாலும் மனைவியோ தாயோதான். வருமானம் நின்ற வீட்டில் கூலிவேலைக்குப் போய், சமைத்து, நோயாளியையும் கவனிப்பவர் அவரே. அவருடைய இரத்த அழுத்தத்தை யாரும் அளப்பதில்லை. நோயாளியுடன் மருத்துவமனைக்கு வரும் நாளில் உங்களுக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எங்கே உதவி கிடைக்கும்

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். இது டெலி மானஸ் சேவையின் எண், தமிழிலேயே பேசலாம். 104 என்ற எண்ணிலும் உடல்நல, மனநல அறிவுரை பெறலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் வரும் நாளைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டறியலாம். நரம்பியல், சிறுநீரகவியல் போன்ற சிறப்புப் பரிசோதனைக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். நாள்பட்ட இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருமானம் இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வந்து வழங்கப்படுகின்றன.

தொழிலாளர் அரசு காப்பீட்டில் இருந்தவர்கள் வேலை போன அன்றே மருத்துவ உரிமையும் போய்விட்டதென எண்ணி அட்டையைத் தூக்கி வைத்துவிடுகின்றனர். செலுத்திய பங்களிப்புக்கான பயன்காலம் பிந்தியே வருவதால், வேலை நின்ற பின்னும் சில மாதங்களுக்கு மருத்துவப் பயன் கிடைக்கக்கூடும். ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலையிழந்தவர்களுக்கு அக்காப்பீட்டில் வேலையின்மை உதவித்தொகைத் திட்டங்களும் உள்ளன. தகுதியையும் நடப்பு விதிகளையும் கிளை அலுவலகத்தில் கேட்டு, காலம் கடத்தாமல் விண்ணப்பியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். முன்பு வருமானம் கூடுதல் என்பதால் சேர இயலாதவர்கள் இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்த வேலை

பழனி மலையில் வேலையிழப்பு எப்போதும் ஆலை மூடலாக வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் படகு, குதிரை, விடுதி, கடை என எங்கும் ஆள் தேவைப்படும். மழை தொடங்கினால் அவ்வளவு பேருக்கும் வேலை இராது. 2020இல் ஊரடங்கின்போது அந்தக் கோடைப் பருவமும் இல்லாமற்போனது. சுற்றுலாவை மட்டும் நம்பிய குடும்பங்கள் ஓராண்டின் வருமானத்தையே ஒரே அடியில் இழந்தன. பருவத்துக்கு ஒன்று, ஆண்டு முழுவதும் சிறிதளவேனும் வருவது ஒன்று என இரண்டு வழிகளை வைத்திருக்கும் குடும்பம் அத்தகைய காலத்தைத் தாங்கிக்கொள்கிறது. மலையை விட்டு இறங்கித் திருப்பூருக்கோ கோவைக்கோ போவதும் ஒரு வழியே; அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் நடுக்கம், மூச்சிரைப்பு, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் புதிய வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதரசத்தால் நரம்பு நலிந்தவர் பூச்சிமருந்து தெளிக்கும் கூலிவேலைக்குப் போவது ஒரு நஞ்சிலிருந்து மற்றொரு நஞ்சுக்குப் போவதாகும்.

மனநிறைவு தரும் வேலை எது என்பதை வேலையின் பெயரை வைத்துத் தேடாமல், முன்பு செய்த வேலையில் எந்தப் பகுதி பிடித்திருந்தது என்பதிலிருந்து தேடலாம். வெப்பமானி ஆலையில் வேலை செய்தவர் இனி வெப்பமானி செய்யப்போவதில்லை. ஆயினும் மெல்லிய கண்ணாடியைக் கையாளும் பொறுமை, நுண்ணிய அளவுகோட்டைத் தவறின்றிப் படிக்கும் கண், ஒரு பொருளைத் தரம் பார்த்து ஒதுக்கும் பழக்கம் ஆகியவை அவருடையவை. காப்பிக் கொட்டையைத் தரம் பிரித்தல், தேனைச் சுத்திகரித்துப் புட்டியில் அடைத்தல், ஊருக்குப் பெயர் தந்த வீட்டுச் சாக்லேட்டு, பாலாடைக்கட்டி போன்ற உணவுத் தயாரிப்பு, தையல் எனப் பல வேலைகளுக்கு இதே பழக்கம்தான் வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கு நுண்வேலை பொருந்தாமற் போகலாம். அவருக்கு மேற்பார்வை, கணக்கு, விற்பனை, வழிகாட்டி வேலை ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

நிலம் சிறிதளவேனும் உள்ளவர்களுக்கு மலையிலேயே அறிவுரை கிடைக்கும். தாண்டிக்குடியிலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் ஆடு, முயல் வளர்ப்பில் வழிகாட்டுகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டும் விருப்பாட்சி மலைவாழையும் புவிசார் குறியீடு பெற்றவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற இந்த மலைவாழை, முடிக்கொத்து நோயால் ஒருகாலத்தில் கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் ஏறக்குறைய அழிந்துபோனது. பின்னர் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு மீண்டும் பயிராக்கப்பட்டது. அந்த மீட்சிக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்று நட்டு நாளை வருமானம் எதிர்பார்ப்பவர்களுக்கு மலைப்பயிர் ஏற்றதன்று.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோர் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தை அணுகினால், வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவற்றில் மானியத்துடன் கடன் பெறும் வழியை அறியலாம். பணிக்கொடையோ ஈட்டுத்தொகையோ மொத்தமாகக் கைக்கு வந்தால், முதல் மூன்று மாதங்களுக்கு அதில் பெரிய முடிவு எதையும் எடுக்காமல் இருப்பதே நல்லது. மனம் தளர்ந்திருக்கும் காலத்தில் வாடகைக் கார் வாங்குவதும், தெரியாத தொழிலில் கூட்டுச் சேர்வதும், கந்துவட்டிக் கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவதும் அடிக்கடி நடக்கின்றன. முதலில் ஆறு மாத வீட்டுச்செலவை ஒதுக்கி வையுங்கள்.

வேலை தேடுவதிலும் கூட்டாகச் சேர்வது பயன் தரும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான பயிற்சி ஒன்றில், வேலையிழந்தோர் சிறு குழுவாக ஐந்து முறை கூடினர். தம் திறன்களைச் சொல்லவும், நேர்காணலில் பேசவும் ஒருவரோடொருவர் ஒத்திகை பார்த்தனர். அதன் சிறப்பான பகுதி, மறுப்புக்கும் ஒத்திகை பார்த்ததுதான். "இந்த வேலை கிடைக்காவிட்டால் அன்று மாலை நான் என்ன செய்வேன், யாரிடம் பேசுவேன், அடுத்து எங்கே கேட்பேன்" என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டனர். அப்பயிற்சி பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்ததையும், அவர்கள் நல்ல வேலையில் சேர்ந்ததையும் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு சுய உதவிக் குழுவோ முன்னாள் தொழிலாளர் சங்கமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இதைச் செய்துவிடலாம்.

மருத்துவமனைக்கு வரும்போது

பழைய வேலை அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஆலையில் செய்த இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள், இப்போது உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்து வாருங்கள். பாதரச நச்சு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கத்தக்க தொழில்சார் நோய்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. எனவே இத்தாள்கள் மருத்துவத்துக்குப் போலவே பிற்பாடு கோரக்கூடிய உரிமைக்கும் சான்றாகும். அசலைக் கொடுத்துவிடாமல் நகலை மட்டும் கொடுங்கள். வீட்டில் பழைய பாதரச வெப்பமானியோ உடைந்த துண்டுகளோ இருந்தால் அவற்றைக் கையில் எடுத்து வர வேண்டாம். பாதரசத் துளிகளைத் துடைப்பத்தால் கூட்டாமல், கெட்டித் தாளால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைத்து, சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, அதை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சிச் சுகாதார அலுவலரிடம் கேளுங்கள்.